சுவைத்தல் பாவமாகுமா?

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் நம்மவர் பலர் நெடுங்காலமாகக் குடியிருந்து உழைத்து வருவதையும், அந்நகரின் பாதுகாவலியான புனித ரொசாலியாவின் மலைத் திருத்தலத்துக்கு அவர்கள் பக்தியோடு ஏறிச் செல்வதையும் வாசகர்கள் பலர் அறிவீர்கள். அங்கிருந்து ஒருவர் விடுமுறையில் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி திறக்கப்படுகிறது. பிள்ளைகளுக்குச் சொக்கிலேற்று, அம்மாவுக்குச் செபமாலை, அப்பாவுக்குச் சேட்டு. கடைசியாக, சாரத்துக்குள் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த ஒரு போத்தல் வெளியே வருகிறது. இத்தாலி நாட்டுச் சிவப்பு இரசம்.

அதை அவர் மேசை மீது வைத்ததும் அம்மம்மாவின் முகம் மாறுகிறது. "உதைக் கொண்டுபோய்த் திருஇருதயப் படத்துக்கு முன்னாலை வையாதை, மோனை" என்கிறார். பக்கத்தில் நின்ற பேரன் கேட்கிறான்: "ஏன் அம்மம்மா? சுவாமி பூசையிலை உதைத்தானே பாவிக்கிறவர்?"

இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் உடனே மறுமொழி சொல்ல ஒருவராலும் முடியவில்லை. சிறு பிள்ளையின் குறும்பு என்று சிரித்துத் தட்டிக் கழிக்கலாம். ஆனால் அம்மம்மாவின் பயமும் பொய்யல்ல, பேரனின் கேள்வியும் பொய்யல்ல. குடியினால் அழிந்த குடும்பங்களை அம்மம்மா தம் கண்ணால் கண்டவர். பேரனோ ஞாயிறுதோறும் பீடத்தில் உயர்த்தப்படும் கிண்ணத்தைக் கண்டவன். இருவரும் கண்டது உண்மையே. அப்படியானால், ஒரு பொருளின் சுவையை அனுபவித்து மகிழ்வது தன்னிலே பாவமா? அன்றிப் பாவம் வேறெங்கோ இருந்து வந்து அந்தக் கிண்ணத்துள் நுழைகிறதா? இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம். அதற்கு, அந்தப் போத்தல் புறப்பட்டு வந்த நாட்டுக்கே முதலில் போய்ப் பார்ப்போம்.

பொறுமையின் விளைச்சல்

பண்டைக் காலத்தில் தென் இத்தாலியில் வந்து குடியேறிய கிரேக்கர் அந்தப் பகுதியை 'ஒயினோத்திரியா' என்று அழைத்தனர். முந்திரிகைக் கொடி வளரும் நாடு என்பது அதன் கருத்து. நாம் முந்திரிகை என்பதையே பிறர் திராட்சை என்பர். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் முந்திரிகைப் பந்தல் கண்டவர்களுக்கு அந்தக் கொடி எவ்வளவு பராமரிப்பைக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. இத்தாலியரோ மலைச் சரிவுகளில் அதனைப் பல நூற்றாண்டுகளாகப் பிள்ளையைப் போல வளர்த்து வருகிறார்கள்.

நாட்டின் நடுப்பகுதியில் தொஸ்கானா மாநிலம் உள்ளது. அங்கே புளோரன்ஸ் நகருக்கும் சியெனா நகருக்கும் இடைப்பட்ட குன்றுகளில் விளைவது கியாந்தி என்னும் சிவப்பு இரசம். அக்குன்றுகளில் 11ஆம் நூற்றாண்டிலேயே வல்லொம்புரோசா சபைத் துறவிகள் கொல்திபுவோனோ என்னுமிடத்தில் மடம் அமைத்தனர். செபமும் தோட்ட வேலையும் அங்கே ஒன்றாக நடந்தன. எந்த எல்லைக்குள் விளைந்ததைக் கியாந்தி என்று சொல்லலாம் என்பதை 1716ஆம் ஆண்டில் தொஸ்கானாவின் கோமகன் மூன்றாம் கோசிமோ கட்டளை பிறப்பித்து வரையறுத்தார். ஒருவன் தன் பொருளுக்குச் சொல்லும் பெயர் உண்மையாக இருக்க வேண்டும் என்பதே அக்கட்டளையின் உட்பொருள். இதைப் பின்னர் மறுபடியும் நினைத்துப் பார்க்க இடம் வரும்.

இத்தாலியின் பிரதமராக இருந்த பெத்தினோ ரிக்காசோலி பிரபு, தம் புரோலியோக் கோட்டையில் பல ஆண்டுகள் பரிசோதனை செய்து, எந்தப் பழத்தை எதனோடு சேர்க்க வேண்டும் என்று ஆராய்ந்தார். சஞ்சோவேசே என்னும் கரும்பழம் மணத்தையும் வலுவையும் தருகிறது. கனயோலோ அதன் கடுமையைத் தணிக்கிறது. மல்வாசியா என்னும் வெள்ளைப் பழமோ, நெடுநாள் வைக்காமல் இளமையிலேயே அருந்தும் இரசத்துக்கு மட்டுமே ஏற்றது. 1872இல் பீசாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இவ்வாறு தம் முடிவைச் சொன்னார்.

வடக்கே, அல்ப்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள பியெமொந்தே மாநிலத்தில் விளைவது பரோலோ. அதற்குரிய பழத்தின் பெயர் நெபியோலோ. இத்தாலி மொழியில் 'நெபியா' என்றால் மூடுபனி. அந்தப் பெயர் அதிலிருந்தே வந்தது என்பர். மற்றப் பழங்கள் பறித்து முடிந்த பின்னரும் இது கொடியிலேயே தங்கி, ஐப்பசி மாதத்து மூடுபனி குன்றுகளில் இறங்கும் காலத்தில்தான் பழுக்கும். பிழிந்த பிறகும் அவசரமில்லை. பரோலோ என்ற பெயரோடு விற்க வேண்டுமானால் குறைந்தது 38 மாதங்கள் அதை வைத்திருக்க வேண்டும், அவற்றில் 18 மாதங்களாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது இன்றைய சட்டம். தொஸ்கானாவின் மொந்தால்சினோ ஊரில் விளையும் புருனெல்லோ இரசமோ, அறுவடை ஆண்டுக்குப் பின் ஐந்தாம் ஆண்டு பிறந்த பின்னரே கடைக்கு வரலாம்.

அன்பார்ந்த வாசகரே, இதை ஒருகணம் எண்ணிப் பாரும். மழையை மனிதன் உண்டாக்கவில்லை. வெயிலையும் மண்ணையும் அவன் உண்டாக்கவில்லை. அவன் செய்ததெல்லாம் கொடியை வெட்டிக் கட்டியதும், காத்திருந்ததுமே. இறைவன் கொடுத்ததும் மனிதன் உழைத்ததும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் அது. பூசையில் அப்பத்தையும் இரசத்தையும் ஒப்புக்கொடுக்கும் வேளையில் குருவானவர் சொல்லும் செபத்தின் கருத்தும் இதுவே அல்லவா?

நாவுக்கு ஒரு பள்ளிக்கூடம்

இனி, அந்நாட்டார் இதனை எவ்வாறு அருந்துகிறார்கள் என்று பார்ப்போம். நம்மில் அநேகர் மது என்றவுடன் நினைப்பது, மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்குவதையே. சாராயத்தை அப்படித்தான் விழுங்குகிறார்கள். அதில் அனுபவிக்கச் சுவை ஒன்றுமில்லை. அதன் பலனாகிய மயக்கமே வேண்டப்படுகிறது. பாரம்பரிய முறைப்படி இரசத்தைச் சுவைக்கும் இத்தாலியரின் பழக்கம் இதற்கு முற்றும் மாறானது.

அடித்தண்டுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வார்ப்பதில்லை. முதலில் கண் பார்க்கிறது. வெள்ளை மேசைத் துணிக்கு எதிரே கிண்ணத்தைச் சற்றுச் சரித்தால் இரசத்தின் வயது விளிம்பிலே தெரியும். இளம் கியாந்தி மாணிக்கக் கல்லைப் போலச் சிவந்திருக்கும். முதிர்ந்த பரோலோவின் விளிம்போ சுட்ட செங்கல்லின் நிறத்துக்கு வந்துவிடும். பிறகு கிண்ணத்தை மெல்லச் சுழற்றி முகர்ந்து பார்க்கிறார்கள். கியாந்தியில் புளிப்பான செரிப்பழத்தின் வாசனை இருக்கும். பரோலோவிலே றோசாப்பூவின் மணமும் தாரின் மணமும் ஒன்றாக வீசும் என்று சுவை அறிந்தோர் சொல்வார்கள். றோசாப்பூவும் தாரும் எப்படி ஒன்றாகும் என்று நீங்கள் வியக்கலாம். முதல் மழை விழுந்த றோட்டோரம் பூமரம் நிற்கும் ஒரு வீட்டு வாசலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பின்னரே ஒரு மிடறு. முதலில் புளிப்பு, அதன் பின் கயர்ப்பு. நாவற்பழம் தின்றபோதும், கயர் பாக்கு மென்றபோதும், கடுஞ்சாயமான வெறுந்தேநீர் குடித்தபோதும் நாக்கும் முரசும் இழுத்துப் பிடித்ததுபோல் உலர்ந்துவிடுமே, அதுதான். பழத்தின் தோலிலும் விதையிலும் உள்ள தனின் என்னும் பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் இது உண்டாகிறது. ஆகவேதான் அங்கே சிவப்பு இரசம் தனியே அருந்தப்படுவதில்லை. உப்பில்லாத தொஸ்கானா ரொட்டி, ஒலிவ எண்ணெய், அவரைக்கறி, தணலில் வாட்டிய மாட்டிறைச்சி ஆகியவற்றோடு சேரும்போது அந்தக் கயர்ப்பு அடங்கி இனிமையாகிறது. பியெமொந்தேயில் பரோலோவிலேயே மாட்டிறைச்சியை மணிக்கணக்காக வேகவைத்துச் சமைப்பார்கள். பக்கத்தில் தண்ணீர்க் குவளை எப்போதும் இருக்கும். பாட்டன், பாட்டி, மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் மேசையில், உணவோடு தொடங்கி உணவோடு முடியும் காரியம் அது.

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். இரசத்தைச் சோதித்துத் தரம் பிரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், வாயில் வைத்துப் பார்த்தபின் அதை விழுங்காமல் துப்பிவிடுகிறார்கள். ஏன்? விழுங்கிக்கொண்டே போனால் மயக்கம் தலைக்கேறி, நாவின் கூர்மை மழுங்கி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் போய்விடும். கயர்ப்பு எது, மணம் எது என்று பிரித்தறியும் ஆற்றல் முதல் கிண்ணத்திலே இருக்கும். அடுத்தடுத்த கிண்ணங்களில் அது தேய்ந்துகொண்டே போகும். முற்றாக வெறித்தவனுக்குப் பரோலோவும் ஒன்றுதான், கசிப்பும் ஒன்றுதான்.

நம் கேள்விக்கான விடையின் முதற்பாதி இங்கே கிடைத்துவிட்டது. வெறிகாரன் இரசத்தை மிதமிஞ்சிச் சுவைத்தவன் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவன் சுவையை இழந்தவன். போசனப்பிரியம் என்று ஞானோபதேசத்தில் நாம் படித்த தலையான பாவம் நாவின் இன்பத்தைப் பெருக்குவதில்லை, அதைக் கொன்றுவிடுகிறது. அதற்கு எதிரான மட்டசனம் என்னும் புண்ணியமோ அந்த இன்பத்துக்குக் காவல் நிற்கிறது.

ஞானிகள் காட்டிய வழி

இது இன்று நாம் கண்டுபிடித்த புதுமையல்ல. இத்தாலி நாட்டின் நோர்சியாவில் பிறந்து, மொந்தே கசீனோ மலையில் மடம் நிறுவிய புனித ஆசீர்வாதப்பர், 6ஆம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு ஓர் ஒழுங்கு எழுதினார். அதன் 40ஆம் அதிகாரம் இரசத்தைப் பற்றியது. துறவிகளுக்கு இரசம் ஆகாது என்றே அவர் உள்ளத்தில் எண்ணினார். ஆயினும் தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கச் செய்வது அரிது என்பதையும் அறிந்திருந்தார். ஆதலால் பலவீனரையும் மனதிற்கொண்டு, நாளொன்றுக்கு 'எமினா' என்னும் சிறிய ஓர் அளவை அனுமதித்தார். முற்றாக விலக்கிக்கொள்ளும் வரம் பெற்றவர்களுக்குத் தனிச் சம்பாவனை உண்டு என்றார். இரசம் கிடைக்காத இடத்திலோ, முறுமுறுக்காமல் இறைவனைத் துதிக்கும்படி கேட்டுக்கொண்டார். அருந்துகிறவன் அருந்தாதவனை இகழவும் இடமில்லை, அருந்தாதவன் அருந்துகிறவனைத் தீர்ப்பிடவும் இடமில்லை. எவ்வளவு மனிதத்தன்மை வாய்ந்த சட்டம்!

அதே மலையிலுள்ள மடத்தில் சிறுவனாகக் கல்வி பயின்றவர் புனித தோமஸ் அக்குவினாஸ். அவர் தம் இறையியல் பெருநூலில் இக்கேள்வியை நேருக்கு நேர் எடுத்து ஆராய்கிறார். எந்த உணவும் பானமும் தன்னிலே பாவமானதல்ல என்பது அவர் கொள்கை. மனிதனின் வாய்க்குள் செல்வது அவனைத் தீட்டுப்படுத்துவதில்லை என்ற ஆண்டவரின் போதனையை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார். எனினும் அருந்துகிறவனுடைய நிலையினாலும், அளவு கடந்ததாலும், பிறருக்கு இடறல் ஆவதாலும், செய்த வாக்குறுதியை மீறுவதாலும் அது பாவமாகலாம். தன் அறிவை இழக்க நேரும் என்று தெரிந்தும் மனமறிந்து குடித்து வெறிப்பவன் சாவான பாவம் செய்கிறான். ஏனெனில் கடவுளின் சாயலாகத் தனக்குக் கொடுக்கப்பட்ட புத்தியையே அவன் கழற்றி எறிந்துவிடுகிறான்.

ஆனால் அத்துடன் அவர் நிறுத்தவில்லை. நல்ல இன்பங்களை வெறுத்து, தன் இயல்புக்குக் கேடு வரும்வரை விலக்குகிறவனும் குற்றமற்றவனல்ல என்கிறார். நல்ல செயலோடு சேர்ந்து வரும் மகிழ்ச்சி நல்லது, தீய செயலோடு வரும் மகிழ்ச்சி தீயது என்பது அவர் கொடுக்கும் அளவுகோல். விவேகம், நீதி, திடம், மட்டுத்திட்டம் என்ற நான்கு தலையான புண்ணியங்களில் கடைசியானது இன்பத்தின் எதிரி என்று நாம் நினைத்தால் அது தவறு. குதிரைக்குக் கடிவாளம் எதிரியா?

இத்தாலியின் அதிபராக 1948 முதல் 1955 வரை இருந்த லுயிஜி எயினவுதி, பியெமொந்தேயின் தொலியானி ஊரில் தாமே முந்திரிகைத் தோட்டம் வைத்து இரசம் செய்தவர். அவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். அதிபர் மாளிகையில் விருந்து. பழங்கள் வந்தன. பேரிக்காய் ஒன்று அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. 'இதில் பாதியை யாராவது எடுத்துக்கொள்வீர்களா?' என்று விருந்தினரைக் கேட்டாராம். ஒரு நாட்டின் தலைவர், தமக்கு முன்னிருந்த ஒரு முழுப் பழத்தை மிச்சம் வைத்து வீணாக்க விரும்பவில்லை. தனக்குப் போதுமான அளவு எது என்று அறிந்தவனே மிகுதியைப் பிறரோடு பகிர முடியும்.

அளவை மறந்தோரும் அறத்தை மறந்தோரும்

உரோமாபுரிக்கு வடக்கே மொந்தேபியாஸ்கோனே என்றொரு மலையூர் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மேற்றிராணியார் ஒருவர் உரோமை நோக்கிப் பயணமானார் என்றும், நல்ல இரசம் கிடைக்கும் சத்திரங்களின் கதவில் 'உண்டு' என்று இலத்தீனில் எழுதிவைக்கும்படி தம் பணியாளரை முன்னே அனுப்பினார் என்றும் ஒரு மரபுக் கதை வழங்குகிறது. இந்த ஊரில் பணியாளர் மூன்று முறை அப்படி எழுதினாராம். வந்த மேற்றிராணியார் அங்கேயே தங்கி, அளவின்றி அருந்தி, அங்கேயே மாண்டும் போனாராம். புனித பிளவியானோ ஆலயத்தில் அவருடைய கல்லறை என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். அந்த ஊர் இரசம் சிவப்பல்ல, வெள்ளை. நிறம் எதுவானால் என்ன? கதை உண்மையோ புனைவோ, பாடம் உண்மை. உரோமுக்குப் போகப் புறப்பட்டவர் வழியிலே தங்கிவிட்டார். இன்பம் வழியில் உள்ள சத்திரம். அதை ஊர் என்று எண்ணிக் குடியேறுவதே பிழை.

மற்றொரு சம்பவம் கதையல்ல. 1986ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் வட இத்தாலியில் மலிவான இரசம் அருந்திய பலர் திடீரென நோயுற்றனர். 23 பேர் மாண்டனர். வேறு பலர் கண்பார்வை இழந்தனர். இரசத்தின் போதை வலுவைக் கூட்டிக் காட்டுவதற்காக அதில் மெதனோல் என்னும் நச்சுச் சாராயத்தைச் சில வியாபாரிகள் கலந்திருந்தனர். அது உடலுக்குள் போமிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பை அழித்துவிடும். இறந்தவர்களுள் அநேகர் தம் உணவோடு நாளாந்தம் ஒரு கிண்ணம் அருந்திய சாதாரண மனிதர். அளவு மீறி அவர்கள் பாவம் செய்யவில்லை. விற்றவனின் வாக்கை நம்பினார்கள், அவ்வளவே. அந்நாட்டு இரசத்தின் நற்பெயர் உலகெங்கும் குலைந்தது. நேர்மையாகப் பயிரிட்டவர்களும் அந்த வெட்கத்தைச் சுமந்தனர். பின்னர் அரசாங்கம் கண்காணிப்பை இறுக்கியது. 1992இல் தோற்றப் பெயர்கள் பற்றிய சட்டமும் புதிதாக இயற்றப்பட்டது.

கோசிமோ கோமகன் 1716இல் பெயருக்கு எல்லை வகுத்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். போத்தலில் ஒட்டிய ஒரு சிறு கடதாசித் துண்டின் பின்னால் ஒருவருடைய உயிர் நிற்கிறது. மகிழ்ச்சி என்பது குடிக்கிறவனின் அளவில் மட்டும் தங்கியிருப்பதல்ல. செய்கிறவனின் மனச்சாட்சியிலும் தங்கியிருக்கிறது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் இத்தாலிய இரச உற்பத்தியாளர்களைச் சந்தித்தபோது, நிலமும் இரசமும் இறைவனின் கொடைகள் என்றும், நேர்மையோடு கையாண்டால்தான் அவை உள்ளத்துக்கு மெய்யான மகிழ்ச்சி தரும் என்றும் எடுத்துரைத்தார்கள். நம் ஊரில் பாலில் தண்ணீரும் மிளகாய்த்தூளில் வேறு எதுவும் கலக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அன்பே கடைசி அளவுகோல்

இதுவரை சொன்னதைக் கேட்டு, 'அப்படியானால் அளவோடு குடிக்கலாம் என்று பத்திரிகையிலேயே எழுதிவிட்டார்கள்' என்று யாராவது போத்தலைத் தேடிப் புறப்பட்டால், அவர் பாதியிலேயே வாசிப்பை நிறுத்தியவர் ஆவார். இன்னும் சொல்ல வேண்டியது உண்டு.

முதலாவது, உடலைப் பற்றியது. சிவப்பு இரசம் இருதயத்துக்கு நல்லது என்று ஒருகாலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. மதுபானங்கள் புற்றுநோயை உண்டாக்குவன என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1988இலேயே வகைப்படுத்தியது. எந்தச் சிறிய அளவும் உடலுக்கு முற்றிலும் தீங்கற்றது எனச் சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 தை மாதத்தில் அறிவித்தது. ஆகவே மருந்து என்று சொல்லிக்கொண்டு எவரும் அருந்த வேண்டாம். புனித சின்னப்பர் திமொத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது இரசம் பாவிக்கும்படி எழுதியது, சுத்தமான தண்ணீரே அரிதான காலத்தில். அவருடைய அந்தச் சொல்லை நம் ஆசைக்கு வக்கீலாக வைத்துக்கொள்வது நேர்மையல்ல.

இரண்டாவது, அயலானைப் பற்றியது. புனித மோனிக்காவின் கதை இங்கே நமக்குப் பெரும் பாடம். சிறு பெண்ணாக இருந்தபோது, பெற்றோர் அவரைப் பீப்பாயிலிருந்து இரசம் எடுத்து வர அனுப்புவார்கள். விளையாட்டாக அவர் உதட்டை நனைத்துப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு துளி கூடி, ஈற்றில் கிண்ணம் நிரம்பக் குடிக்கும் பழக்கமாயிற்று. ஒருநாள் சச்சரவில் வேலைக்காரச் சிறுமி அவரைக் 'குடிகாரி' என்று ஏசிவிட்டாள். அந்த ஒரு சொல் சுட்டது. அன்றே விட்டுவிட்டார். இதை எழுதிவைத்தவர் அவருடைய மகன் புனித அகுஸ்தீனாரே.

பல ஆண்டுகளின் பின் மோனிக்கா இத்தாலிக்கு வந்து மிலான் நகரில் இருந்தார். வேதசாட்சிகளின் கல்லறைகளுக்கு உணவும், தண்ணீர் கலந்த சிறிதளவு இரசமும் கொண்டுபோவது அவர் நாட்டுப் பக்தி வழக்கம். வாயிற்காவலன் தடுத்தான். குடிகாரருக்கு வாய்ப்பாகிவிடக் கூடாது என்பதற்காக மேற்றிராணியார் அம்புரோசியார் அந்த வழக்கத்தை நிறுத்தியிருந்தார். மோனிக்கா வாதாடவில்லை. 'நான் அளவோடுதானே அருந்துகிறேன்' என்று சொல்லவில்லை. கூடையில் உணவுக்குப் பதிலாகச் செபங்களைக் கொண்டுபோனார். தமக்குக் கேடில்லாததை, கேடு நேரக்கூடிய வேறொருவருக்காக விட்டுக்கொடுத்தார்.

உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் போதிப்பதும் இதுவே. என் உணவும் பானமும் என் சகோதரனை இடறி விழச் செய்யுமானால், அவற்றை விடுவதே மேல். திருச்சபை இதனைப் பீடத்தின் அருகேயும் கடைப்பிடிக்கிறது. பூசைக்குரிய இரசம் முந்திரிகைப் பழத்திலிருந்து பெற்றதாக, இயற்கையானதாக, கெடாததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். நிறம் சிவப்போ வெள்ளையோ என்று அது விதிக்கவில்லை. ஆயினும் மதுவினால் நோயுற்று மீண்ட குருமார், மேற்றிராணியாரின் உத்தரவோடு, புளிக்கும் முன்பே நிறுத்திய முந்திரிகைச் சாற்றைப் பாவித்துப் பூசை செய்யலாம் என 2003ஆம் ஆண்டில் உரோமிலிருந்து வந்த கடிதம் உறுதிப்படுத்தியது. பரிசுத்த பலியிலேயே பலவீனனுக்கு இடம் விடுகிற தாயாகத் திருச்சபை இருக்கும்போது, நம் சாப்பாட்டு மேசையில் நாம் இடம் விடலாகாதா?

நேப்பிள்ஸ் நகரருகே வெசூவியஸ் எரிமலைச் சரிவில் விளையும் இரசத்துக்குக் 'கிறிஸ்துவின் கண்ணீர்' என்று பெயர். விண்ணகத்திலிருந்து தள்ளப்பட்ட லூசிபர் அதன் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு வந்து போட்டதே அந்த அழகிய குடா என்றும், அதைக் கண்டு ஆண்டவர் அழுத கண்ணீர் விழுந்த இடத்தில் முந்திரிகை முளைத்தது என்றும் அவ்வூர் மக்கள் கதை சொல்வார்கள். சம்பளநாள் இரவில் வாசலைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் மனைவியருக்கும், சத்தம் கேட்டவுடன் புத்தகத்தை மூடிவிட்டுப் போர்வைக்குள் ஒளியும் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அம்மம்மாவுக்கும் பேரனுக்கும்

இனி, மேசை மீது இருக்கும் அந்தப் போத்தலுக்குத் திரும்புவோம். பேரனுக்கு நாம் சொல்லக்கூடியது: 'நீ சொன்னது சரிதான், தம்பி. ஆண்டவர் தம் இரத்தமாக மாற்றத் தெரிந்துகொண்ட பொருள் அசுத்தமானதாக இருக்க முடியாது. மனிதர் கூடிமகிழும் மேசையிலிருந்தே அவர் அதை எடுத்தார்.' அம்மம்மாவுக்குச் சொல்லக்கூடியது: 'உங்கள் பயமும் சரிதான். அது இரசத்தைப் பற்றிய பயமல்ல. நம் பிள்ளைகளைப் பற்றிய பயம்.'

வீட்டாரோ போத்தலைத் திறக்கும் முன் தம்மைத் தாமே கேட்க வேண்டியவை உண்டு. இந்த மேசையில் யார் யார் இருக்கிறார்கள்? குடியை விட்டு ஓராண்டாகப் போராடிவரும் மாமா இருக்கிறாரா? குடிகாரத் தகப்பனிடம் அடிவாங்கி வளர்ந்த மருமகள் இருக்கிறாளா? போதும் என்று சொல்ல என்னால் முடியுமா? முடியும் என்று நான் நினைக்கிறேனா, அல்லது என் மனைவியும் அப்படியே நினைக்கிறாளா? மறுமொழிகள் சமாதானமாக இருந்தால், சோற்றோடும் கறியோடும், நன்றியோடும், ஒரு சிறு கிண்ணத்தின் மணத்தையும் கயர்ப்பையும் வளர்ந்தோர் அறிந்து மகிழ்வதில் பாவமில்லை. ஒரு மறுமொழியாவது இடறினால், போத்தல் மூடியபடியே இருக்கட்டும். அன்று தண்ணீர் அருந்துவதே அந்த மேசையின் கொண்டாட்டம்.

கானாவூர்க் கலியாணத்தில் கற்சாடிகளில் முதலில் நிரப்பப்பட்டதும் தண்ணீர்தான். அந்த வீட்டில் எது குறைந்திருக்கிறது என்று கண்டவர் ஒரு தாய். தமக்காக அல்ல, வீட்டாருக்காக அவர் தம் மகனிடம் பேசினார். அன்று அங்கே இரசம் குறைந்திருந்தது. இன்று நம் வீடுகள் சிலவற்றில் குறைந்திருப்பது சமாதானம். எது குறைந்திருக்கிறது என்று காணும் அந்தத் தாயின் கண்ணை நமக்கும் தந்தருளும்படி இறைவனை மன்றாடுவோம்.